நாம் திருத்திக்கொண்ட ஒரு பாடம்

நம் அரபிக் கல்லூரிகளின் மேல் ஜும்ராக்களில் ஓதப்படும் கிதாபுகளுள் 'ஷரஹுல் அகாயித்' தலையாயது. கி.பி. 1142-இல் மறைந்த இமாம் உமர் நஸஃபி (ரஹ்) அவர்கள் சுருக்கமாக வரைந்த கொள்கை நூலுக்கு, பதினான்காம் நூற்றாண்டில் அல்லாமா தஃப்தாஸானி (ரஹ்) அவர்கள் எழுதிய விரிவுரை அது. அந்நூலின் தலைவாசல் சற்று வியப்பானது. கொள்கை நூல் என்றால் இறைவனின் ஏகத்துவத்தில் தொடங்கும் என்று எதிர்பார்ப்போம். அதுவோ, உலகத்துப் பொருள்கள் மெய்யாகவே இருக்கின்றன, அவற்றை மனிதனால் அறியவும் இயலும் என்பதை நிலைநாட்டிவிட்டுத்தான் மற்றவற்றுக்கு வருகிறது. காரணம் வெளிப்படை. படைப்பே இல்லையென்றால் படைத்தவனுக்குச் சான்றாக எதைக் காட்டுவது?

இதனை மறுப்போருக்கு அந்நூல் இட்ட பெயர் 'சூஃபிஸ்தாயிய்யா'. கிரேக்கச் சொல் ஒன்று அரபியில் ஏற்ற வடிவம் அது. பொருள்கள் இல்லவே இல்லை என்று முரண்டு பிடிப்போர், அவரவர் எண்ணுவதே அவரவர்க்கு உண்மை என்போர், ஒன்றும் அறியோம், அறியோம் என்பதையும் அறியோம் என்போர் என அவர்கள் மூன்று வகையினர். இவர்களோடு வாதாடிப் பயனில்லை, நெருப்பைக் கொண்டு உணர்த்துவதுதான் வழி என்னும் கருத்துப்பட ஓரிடம் அங்கே வரும். அவ்விடத்துக்கு வந்தால் எந்த ஜும்ராவிலும் மாணவர் முகங்களில் சிரிப்பு அரும்பும். நாம் ஓதிய காலத்தில் நாமும் சிரித்திருக்கிறோம்.

நமக்கு ஓதித்தந்த உஸ்தாது கிரேக்கரோடு நிறுத்திக்கொண்டார்கள். நாம் ஸனது பெற்று, அதே பாயில் ஆசிரியராக அமர்ந்த பிறகு ஒரு வரி கூட்டினோம். "கிரேக்கத்துக்கு ஏன் போக வேண்டும்? உலகமெல்லாம் மாயை என்று சொல்லும் அத்துவைதிகள் நம் நாட்டிலேயே இருக்கிறார்களே, அவர்களும் இக்கூட்டந்தான்" என்போம். மாணவர் எழுதிக்கொள்வர். எந்த நூலைப் பார்த்துச் சொன்னோம் என்று எவரும் கேட்டதில்லை. பார்த்திருந்தால் அல்லவா சொல்வதற்கு! பத்தாண்டுகளுக்கு மேல் இப்படியே நடந்தது.

வைகறையிலும் மாலையிலும் மதரஸா, பகலில் உயர்நிலைப் பள்ளியில் அரபி ஆசிரியர் பணி என்பது அந்நாளைய நம் வாழ்க்கை. பள்ளியின் ஆசிரியர் அறையில் நமக்குப் பக்கத்து நாற்காலி தமிழாசிரியருடையது. நம்மைவிடப் பதினெட்டு ஆண்டு மூத்தவர். நாம் அவரை ஐயா என்போம். அவர் நம்மை மௌலவி என்பார். நெற்றியில் திருநீறு, கையில் எந்நேரமும் ஏதேனும் ஒரு பழம் பதிப்பு. 2004-ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை இடைவேளையில் தேநீர் வந்தது. ஆவி பறந்தது. அன்று காலைதான் மேற்படி பாடம் நடத்தியிருந்தோம். அதே மிதப்பில், "ஐயா, உலகம் மாயை என்பது உங்கள் வேதாந்தம். மாயத் தேநீர்தானே, விரலை விட்டுப் பாருங்களேன்" என்றோம்.

அவர் சினக்கவில்லை. குவளையைக் கீழே வைத்துவிட்டு, "விட்டால் சுடும். சுடாது என்று எங்கள் நூல் எதில் எழுதியிருக்கிறது, மௌலவி?" என்று கேட்டார்.

நம்மிடம் விடை இல்லை. இருபது பேர் இருந்த அறையில் யாரும் சிரிக்கவும் இல்லை. மறுநாள் அவர் கைவல்ய நவநீதம் நூலைக் கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தார். நன்னிலம் நாராயண தேசிகரின் மாணவரான தாண்டவராய சுவாமிகள் தமிழில் பாடிய அத்துவைத நூல் அது. குருவும் சீடனும் வினாவும் விடையுமாகப் பேசிக்கொண்டு போகும் அமைப்பு, கிதாபுகளில் பழகிய நமக்கு எளிதில் பிடிபட்டது. வியாழன் மாலை மதரஸாவுக்கு விடுமுறை. அவ்வேளைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வாசிக்கத் தொடங்கினோம். அவர் ஓய்வு பெற்ற பின்னும் அது நிற்கவில்லை.

அங்கே நாம் முதலில் கற்றது, மாயை என்ற சொல்லுக்கு 'இல்லாதது' என்பது பொருளன்று என்பதுதான். முயற்கொம்பு இல்லாதது. அதை யாரும் கண்டதில்லை, கண்டு அஞ்சியதில்லை. ஆனால் அந்தியில் கிடந்த கயிற்றைப் பாம்பென்று மயங்கியவனுக்கு வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. ஆகவே அப்பாம்பு முயற்கொம்பு போன்றதன்று. விளக்கைக் கொண்டுவந்ததும் மறைந்துவிடுகிறது, ஆகவே அது உள்பொருளும் அன்று. உள்ளது என்றும் இல்லது என்றும் சொல்லொணாத இந்த நிலைக்கு அவர்கள் வைத்த பெயர் அநிர்வசனீயம். உலகமும் அத்தகையது என்பது அவர்களின் கட்சி. கயிறு போல என்றும் மாறாமல் இருப்பது பிரம்மம் ஒன்றே. அது சித்து, அதாவது அறிவே வடிவானது. அறிவை உடைய ஒரு பொருள் என்று அதனைச் சொல்லமாட்டார்கள். அறிவுதான் அது.

பின்வந்த அத்துவைதிகள் இதை மூன்று படிகளாக வகுத்தார்கள். கயிற்றுப் பாம்பும் கனவும் போல ஒருவனுக்கு ஒருபோது தோன்றி மறைவது பிராதிபாசிகம். தேநீரும் நெருப்பும் பள்ளிக்கூடமும் போல எல்லார்க்கும் பொதுவாய் இருந்து, பிரம்ம ஞானம் வரும்வரை செல்லுபடியாவது வியாவகாரிகம். முக்காலத்திலும் பொய்யாகாதது பாரமார்த்திகம். நெருப்பு சுடுவது இரண்டாம் படியில். அப்படியில் நிற்பவன் விரலை விட்டால் சுடத்தான் செய்யும். நாம் ஆசிரியர் அறையில் கேட்ட கேள்வி அவர்களைத் தொடவே இல்லை.

இதைவிட நம்மைத் திகைக்க வைத்தது வேறொன்று. கேரளத்துக் காலடியில் தோன்றிய சங்கரர், எட்டாம் நூற்றாண்டினர் என்று பொதுவாகக் கருதப்படுபவர், பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய பாடியத்தில் இரண்டாம் அத்தியாயத்தின் இரண்டாம் பாதத்தைப் பிற மதங்களை மறுப்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். வெளிப்பொருள் என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் மனத்தின் எண்ணங்களே என்ற பௌத்த விஞ்ஞானவாதிகளை அங்கே அவர் மறுக்கிறார். தூணையும் சுவரையும் வெளியே கண்கூடாகக் கண்டுகொண்டே இல்லை என்பது எப்படி என்று கேட்கிறார். விழிப்பில் காண்பது கனவில் காண்பது போன்றதன்று என்றும் வாதிடுகிறார். ஐயா அதை விளக்கியபோது நமக்கு வேர்த்துவிட்டது. நாம் எவரைச் சூஃபிஸ்தாயிய்யா கூட்டத்தில் தள்ளி வைத்திருந்தோமோ, அவர் நம் இமாம் நஸஃபியின் அருகில் வந்து நின்று அதே கூட்டத்தோடு வழக்காடிக்கொண்டிருந்தார்!

ஆயினும் ஒரு நெருடல் இருந்தது. சங்கரரின் குருவுக்குக் குரு எனப்படும் கௌடபாதர், பன்னிரண்டே மந்திரங்கள் கொண்ட மாண்டூக்கிய உபநிடதத்துக்கு 215 காரிகைகள் செய்தார். அவற்றுள் நனவும் கனவைப் போன்றதே என்று நிறுவ முயல்கிறார். தொடக்கத்திலும் முடிவிலும் இல்லாதது இடையில் மட்டும் எப்படி உள்ளதாகும் என்பது அவர் கேள்வி. இவர் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்கிறாரே என்றோம். "நிற்கும் படி வேறு, மௌலவி. மலையுச்சியில் நிற்பவனுக்கு மேடும் பள்ளமும் ஒன்று. அடிவாரத்தில் நடப்பவன் பள்ளத்தைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும்" என்றார் ஐயா. அவர் மனம் நிறைந்தது போல் நம் மனம் நிறையவில்லை. இன்றும் அப்படித்தான்.

கனவைப் பற்றிய அந்த வாதம் நமக்குப் புதிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'அல்முன்கித்' நூலில் தமக்கு நேர்ந்த ஓர் இருண்ட காலத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். நிழல் அசையாது நிற்பதாகக் கண் சொல்கிறது, சற்றுப் பொறுத்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறது. விண்மீன் ஒரு தீனார் அளவே என்கிறது கண், அது பூமியினும் பெரிது என்கிறது கணிதம். கண்ணை அறிவு பொய்யாக்கியது போல, அந்த அறிவையும் பொய்யாக்க மேலே ஒன்று இருக்காது என்பதற்கு என்ன உறுதி? கனவில் இருக்கும்வரை கனவு மெய்யாகத்தானே இருக்கிறது? ஏறக்குறைய இரண்டு மாதம் அந்தப் பிணியில் கிடந்து, வாதங்களால் தீராமல், அல்லாஹுத்தஆலா நெஞ்சில் இட்ட ஓர் ஒளியால் மீண்டதாக இமாம் எழுதுகிறார்கள். இதை நாம் ஐயாவுக்குச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "அவர் எங்கள் வாசல்வரை வந்திருக்கிறார்" என்றார். "வந்தவர் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார்" என்றோம். இருவரும் சிரித்தோம்.

அவர் கேட்டுக்கொண்டதால் அதே இமாமின் 'மிஷ்காத்துல் அன்வார்' நூலிலிருந்தும் சில பகுதிகளைச் சொன்னோம். ஒவ்வொரு பொருளுக்கும் இரு முகங்கள் உண்டு. தன்னை நோக்கிய முகத்தில் அது வெறும் இன்மை. தன் இரட்சகனை நோக்கிய முகத்தில் அது உள்ளது. அல்லாஹ்வின் திருமுகம் தவிர யாவும் அழியக்கூடியன என்னும் மறைவாக்கை, ஒருநாள் அழியும் என்று மட்டும் கொள்ளாமல், என்றென்றும் அழிந்த நிலையிலேயே உள்ளன என்று அங்கே இமாம் விளக்குகிறார்கள். இவ்வளவு தூரம் போன பிறகு, 'உலகம் கெட்டியானது என்போர் நாம், இல்லை என்போர் அவர்கள்' என்று எல்லை பிரிப்பது எப்படிப் பொருந்தும்? ஏன், நம் இல்முல் கலாம் நூல்களிலேயே, பொருளின் நிறமும் வடிவும் போன்ற பண்புகள் இரண்டு கணம்கூட நிலைப்பதில்லை, அல்லாஹ் கணந்தோறும் அவற்றைப் புதிதாகப் படைக்கிறான் என்றல்லவா அஷ்அரீ இமாம்கள் கொள்கிறார்கள்! ஷரஹுல் அகாயிதின் முதல் பாடத்தில் உறுதியாய் நின்ற உலகம், அடுத்தடுத்த பாடங்களில் அவன் பிடியில்தான் நிற்கிறது.

அப்படியானால் வேறுபாடே இல்லையா? உண்டு, ஆழமாகவே உண்டு. நாம் கோடு போட்ட இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.

உலகம் ஏன் தோன்றுகிறது என்று கேட்டால் அத்துவைதி அவித்தையைக் காட்டுவார். ஒன்றை மறைத்து மற்றொன்றைத் தோற்றுவிக்கும் அறியாமை அது. மறைப்பதை ஆவரணம் என்றும் தோற்றுவிப்பதை விட்சேபம் என்றும் சொல்வர். நாமோ, ஒருவன் நாடினான், ஆகவே உண்டாயிற்று என்கிறோம். படைப்பை வீணாகவோ விளையாட்டாகவோ ஆக்கவில்லை என்று குர்ஆன் பலமுறை அறிவிக்கிறது. கணந்தோறும் நழுவும் உலகம் எளியது, வலுவற்றது என்பதை நாமும் ஒப்புகிறோம். வலுவற்றது வேறு, பிழையாகத் தோன்றியது வேறு. தாயின் மடியில் கிடக்கும் பச்சைக் குழந்தை வலுவற்றது. அதைப் பிழை என்று யாராவது சொல்வோமா?

அந்த அவித்தை யாருடையது என்று ஒருநாள் மடக்கினோம். பிரம்மத்துக்கு என்றால் அறிவே வடிவானதற்கு அறியாமை எப்படி வந்தது? சீவனுக்கு என்றால் சீவனே அவித்தையால்தானே உண்டானான்? கூர்மையான கேள்வி கேட்டுவிட்டதாக நமக்குப் பெருமை. ஐயா புன்னகைத்து, ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசர் இதையும் சேர்த்து ஏழு தடைகளாகத் தம் ஸ்ரீபாடியத்தில் எழுதிவிட்டார் என்றார். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் பழைய கேள்வி! அத்துவைதிகளுக்குள்ளேயே ஒரு சாரார் பிரம்மம் என்றும் மற்றொரு சாரார் சீவன் என்றும் விடை பிரிந்து நிற்பதையும் அவரே சொன்னார். தம் கட்சியின் இடரைத் தாமே எடுத்துக் காட்டும் அந்த நேர்மை நமக்கு அன்று இருந்ததில்லை.

மற்றொரு பிரிவு 'நான்' என்பதில் இருக்கிறது. குடத்துக்குள் இருக்கும் வெளியும் வெளியே விரிந்த வெளியும் ஒன்றே, குடம் உடைந்தால் வேறுபாடு இல்லை என்பது அவர்கள் காட்டும் உவமை. உடலும் மனமும் குடம், உள்ளிருக்கும் சாட்சியான அறிவே பிரம்மம். நமக்கோ, அடியான் எவ்வளவு உயர்ந்தாலும் அடியானே. அனாதியானவனை வேறு, உண்டானதை வேறு என்று பிரித்தறிவதே தவ்ஹீது என்பது ஜுனைத் பக்தாதி (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. இப்னு அரபி (ரஹ்) அவர்களின் வஹ்தத்துல் உஜூதைப் பற்றி நம் பெரியார்களிடையே நடந்த வழக்கும், காண்பதில்தான் ஒருமை, உள்ளதில் அன்று என்று ஷைகு அஹ்மத் ஸிர்ஹிந்தி (ரஹ்) அவர்கள் எழுதியதும் இக்கோட்டைக் காப்பதற்கே.

இக்கோட்டை அழித்துவிடுவதும் நீதியாகாது என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறோம். முகலாய இளவரசர் தாரா ஷிகோ 1657-இல் ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் ஆக்குவித்து 'ஸிர்ரே அக்பர்' என்று பெயரிட்டார். அது பெருந்தொண்டு. ஆனால் குர்ஆன் குறிப்பிடும் மறைக்கப்பட்ட ஏடு இவையே என்று அவர் கருதியதை நம்மால் ஏற்க முடியவில்லை. மஸ்தான் சாகிபு அவர்கள் தாயுமானவரின் அடியொற்றிப் பராபரக் கண்ணி பாடியதால் இருவர் கொள்கையும் ஒன்று என்று மேடைகளில் முழங்குவோரையும் கேட்டிருக்கிறோம். சொல் ஒன்றாக இருக்கலாம், சொல்லுகிற வீடு வேறு. 1030-ஐ ஒட்டி இந்நாட்டைப் பற்றி எழுதிய அல்பீரூனி, இந்துக்களின் கொள்கைகளை அவர்கள் சொல்கிறபடியே எடுத்து வைப்பேன், இது மறுப்பு நூலன்று என்று முன்னுரையிலேயே வரம்பு கட்டிக்கொண்டார். பதஞ்சலி நூலை அரபியில் பெயர்க்கும் அளவுக்கு அதற்காக உழைத்தார். அந்த உழைப்பில் நூற்றில் ஒரு பங்குகூட நாம் படவில்லை. விரலைத் தேநீரில் விடச் சொன்னதுதான் நம் ஆராய்ச்சி!

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் புரிந்த பிறகு மதரஸாவில் அந்த வரியைச் சொல்லாமல் விட்டோம். தவறு என்று சொல்லவில்லை. விட்டது யாருக்கும் தெரியாது. அதுவே போதும் என்று இருந்தோம்.

2018-இல் ஐயாவுக்கு மறதி நோய் கண்டது. முதலில் நூற்பெயர்கள், பிறகு தெருக்கள், பிறகு மக்கள். நாம் போனால் திண்ணையில் இடம் விட்டு ஒதுங்குவார். யார் என்று தெரியாது. ஒருநாள் அவர் மகன், நம் பள்ளியில் நம்மிடமும் படித்தவர், வாசலில் நிறுத்திக் கேட்டார்: "அறிவுதான் நான், மற்றதெல்லாம் வந்து போவது என்று அப்பா வாழ்நாளெல்லாம் சொன்னார். அந்த அறிவுதானே ஐயா முதலில் போய்விட்டது? அப்பா நம்பியது அத்தனையும் பொய்யா?"

மறுப்பதற்கு அதைவிட வசதியான நேரம் ஒருவனுக்கு வாய்க்காது. நம் மார்க்கத்தின் விடையும் நம்மிடம் இருந்தது. புத்தி மாறியவர்மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிடுகிறது, அவர் கேள்வி கணக்கின்றி இரட்சகனின் பொறுப்பில் இருக்கிறார் என்பது நம் ஆறுதல். ஆனால் அவர் கேட்டது தம் தந்தையின் நம்பிக்கையைப் பற்றி. அதற்குரிய விடையைத் தந்தை சொல்லும் நிலையில் இல்லை. அவ்வீட்டுத் திண்ணையில் அதைக் கற்றிருந்தவர் நாம் ஒருவரே.

ஆகவே சொன்னோம். "தம்பி, உங்கள் அப்பாவின் நூல் மனத்தை அறிவு என்று சொல்லவில்லை. நினைவும் பெயரும் முகமும் மனத்தில் இருப்பவை. மனம் கருவி, அது பழுதாகும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஒன்றுமறியாமல் உறங்கி எழுந்தவன், 'சுகமாக உறங்கினேன், ஒன்றும் தெரியவில்லை' என்கிறான். மனம் ஒடுங்கிய அந்த நேரத்துக்கும் சாட்சியாக ஒன்று இருந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிகிறது என்பது அவர்கள் வாதம். அந்தச் சாட்சியைத்தான் அப்பா 'நான்' என்றார். அவர் கணக்கில் போனது குடம்." சொல்லும்போது தொண்டை அடைத்தது. நாம் ஏற்காத ஒரு கொள்கையை, ஏற்றவர் சொல்வது போலவே சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சொல் கூடக்கூடாது, குறையக்கூடாது என்ற அச்சம் ஃபத்வா எழுதும்போதுகூட நமக்கு வந்ததில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா இப்படித்தான் சொல்வார்" என்றார்.

ஐயா 2022-இல் மறைந்தார்.

அவ்வாண்டு ஷரஹுல் அகாயித் தொடங்கியபோது, முதல் பாடத்திலேயே நாம் சேர்த்துவந்த வரியைச் சொல்லி, அது தவறு என்றும், எவ்வாறு தவறு என்றும், நம் மறுப்பு உண்மையில் எங்கே நிற்க வேண்டும் என்றும் மூன்று நாள் எடுத்து விளக்கினோம். நெருப்பைப் பற்றிய இடம் வந்தபோது சிரிப்பு எழவில்லை. மூன்றாம் நாள் முடிவில், எப்போதும் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளை எழுந்து, "ஹஜ்ரத், எங்களுக்குத் திருத்திவிட்டீர்கள். முன்னால் ஓதிப்போனவர்கள் அதை எழுதி வைத்திருப்பார்களே?" என்று கேட்டான்.

எண்ணிப் பார்த்தோம். பத்தாண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்டோர். இமாம்களாகவும் முதர்ரிஸ்களாகவும் பல ஊர்களில் இருக்கிறார்கள். எல்லார் விலாசமும் நம்மிடம் இல்லை. ஆயினும் இவ்விதழ் அவர்களில் பலர் வீட்டுக்குப் போகிறது என்பதை அறிவோம்.